ஆடிக்காற்று எடுத்துப்போகும் மண்ணை நாமே அளக்கலாம்: தருமபுரி மேட்டு நிலத்துக்கு ஒரு வழிகாட்டி

ஆனி கடைசியில் பென்னாகரம் பக்கம் போகிறவர்கள் மதியம் இரண்டு மணிக்கு ரோட்டோரம் நின்று உழுது போட்ட கொல்லைகளைப் பாருங்கள். தரையோடு ஒட்டிக்கொண்டு செந்நிறப் புகை மாதிரி ஒன்று கிழக்கே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கேழ்வரகும் சாமையும் விதைக்கக் காத்திருக்கும் நிலத்தின் மேல்மண் அது.

சாயங்காலம் வேலியோரம் போய்ப் பார்த்தால் ஒரு சாண் அகலத்துக்கு மண் குவிந்திருக்கும். 'எங்கே போயிடுச்சு, வேலியிலதானே நிக்குது' என்று நாங்களும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் குவியலை ஒரு கை அள்ளித் தேய்த்துப் பாருங்கள். வெறும் மணல், நறநறவென்று இருக்கும். நிலத்துக்கு உரம் தரும் நுண்மண்ணும் மக்கிய சத்தும் வேலியில் நிற்பதில்லை, மேலே எழும்பிப் பல மைல் போய்விடும். கண்ணுக்குத் தெரியாமல் போகிற அந்தப் பங்கை எப்படிப் பிடிப்பது, எப்படி எடை போடுவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் இது உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டம் பாலைவனம் இல்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இங்கே மண்ணை அதிகம் கொண்டுபோவது மழைத்தண்ணீர்தான், காற்றுக்கு இரண்டாம் இடம். ஆனால் வைகாசியிலிருந்து ஆவணி வரை பல மேட்டு நிலங்கள் காய்ந்து, மூடாக்கு இல்லாமல், பொடியாக, மேல்காற்றுக்கு முகம் கொடுத்துக் கிடக்கின்றன. அந்த நேரத்தில் பாலைவன மண்ணுக்கு நடப்பதேதான் நம் மண்ணுக்கும் நடக்கிறது. அதனால் பாலைவனத்தில் அளக்கிறவர்களின் முறை நமக்கும் பொருந்தும். ராஜஸ்தானின் ஜோத்பூரில் 1959 முதல் இயங்கும் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் இந்த வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறது. நாம் பாட்டிலும் குச்சியும் வைத்துச் சிறிய அளவில் செய்யப் போகிறோம்.

மண் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது தெரியாமல் கருவி வைத்தால் தப்பான உயரத்தில் வைத்துவிடுவோம். காற்று மண்ணை மூன்று விதமாக நகர்த்தும். அரை மில்லிமீட்டருக்கு மேல் பருமனான மணல் தரையிலேயே உருளும். 0.1 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை உள்ளது எம்பி எம்பிக் குதித்துப் போகும். அதைவிட நுண்ணியது காற்றிலேயே மிதந்து போய்விடும். பெரும்பங்கு நகர்வது நடுவில் சொன்ன குதிக்கிற மணல்தான், அதுவும் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள்ளேயே. ஒவ்வொரு மணலும் விழும்போது தரையில் மோதி இன்னும் கொஞ்சம் மண்ணைக் கிளப்பிவிடும். நுண்புழுதி மேலே எழும்புவது பெரும்பாலும் இந்த மோதலால்தான். நிலம் நீளமாக, தடுப்பில்லாமல் இருந்தால் கிழக்கே போகப் போகப் புழுதி பெருகுவதும் இதனால்தான்.

1930களில் லிபியப் பாலைவனத்தில் சுற்றிய பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்டு, காற்றைச் செலுத்தும் சுரங்கக் கருவியில் மணலை ஓடவிட்டு அளந்து 1941இல் ஒரு கணக்கை வெளியிட்டார். நகரும் மணலின் அளவு காற்று வேகத்தின் முப்படியை ஒட்டிக் கூடும் என்பது அது. காற்று இரண்டு மடங்கானால் மணல் எட்டு மடங்கு. நாள் முழுக்க வீசும் மிதமான காற்றைவிட மதியம் வரும் பத்து நிமிட வேகக்காற்று அதிகம் எடுத்துப்போய்விடும். 'இன்னைக்குக் காத்து சுமார்தான்' என்று சராசரியை மட்டும் எழுதினால் விஷயம் கைநழுவிப் போகும்.

இடம் பாருங்கள்

உங்கள் நிலத்தில் மேற்கு ஓரம் ஒன்று, கிழக்கு ஓரம் ஒன்று என இரண்டு இடம் வேண்டும். மேற்கு ஓரத்தில் பிடிபடுவது பக்கத்து நிலத்திலிருந்து வந்த மண். கிழக்கு ஓரத்தில் பிடிபடுவது அதோடு உங்கள் மண்ணும் சேர்ந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் நிலம் இழந்ததற்கு அடையாளம். ஒரே இடத்தில் மட்டும் வைத்துவிட்டு 'இவ்வளவு மண் போச்சு' என்று சொல்லவே கூடாது. பக்கத்துக் கொல்லைக்கார மாமாவின் மண்ணையும் உங்கள் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

மழைமானி வைக்கிற இடம் வேறு. மரம், வீடு, மோட்டார் கொட்டகை எதுவானாலும் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும், நான்கு மடங்கு தள்ளினால் இன்னும் நல்லது. நான் முதல் வருடம் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன், ஆடு முட்டாது என்று. மழை நின்ற பிறகும் இலைத்தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, காற்றடித்தால் மரம் மறைத்தது. அந்த வருடக் கணக்கு முழுதும் எதற்கும் உதவவில்லை. இன்றைக்கும் அந்த நோட்டைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

மழை: புனலும் ஊசிக்குழலும்

16 சென்டிமீட்டர் வாய் விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் புனல் வாங்குங்கள். கடையில் ஸ்கேல் வைத்து உள்விட்டத்தை அளந்தே வாங்குங்கள். அந்த வாயின் பரப்பு 201 சதுர சென்டிமீட்டர். அதில் விழும் 20 மில்லிலிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். மருந்துக்கடையில் கிடைக்கும் 20 மில்லி ஊசிக்குழலை ஊசி இல்லாமல் வாங்கிக்கொண்டால், ஒரு குழல் தண்ணீர் ஒரு மில்லிமீட்டர். பெருமழை என்றால் குழலால் மாளாது, ஒரு லிட்டர் அளவுச் சாடியில் ஊற்றி 20ஆல் வகுத்துவிடுங்கள்.

புனலை 5 லிட்டர் கேனில் செருகி, கேனைத் தரையில் பாதி புதைத்து, புனலின் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் மட்டமாக நிற்கும்படி வையுங்கள். அதற்குக் கீழே போனால் தரையில் விழுந்து தெறிக்கும் தண்ணீர் உள்ளே வரும். கேன் 250 மில்லிமீட்டர் வரை தாங்கும். தினமும் காலை 8.30க்கு அளந்து கொட்டிவிடுங்கள். நாடு முழுக்க வானிலைத் துறை அளக்கிற நேரம் அதுதான், நம் கணக்கை அவர்கள் கணக்கோடு ஒப்பிட வசதி. மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் ஆறு மாதம் கழித்து 'மழை இல்லையா, நான் போகவில்லையா' என்று தெரியாது.

காற்று: துணியும் கண்ணும்

10 அடி மூங்கிலின் உச்சியில் பழைய புடவைக் கிழிசல் ஒரு முழம் கட்டினால் திசை தெரிந்துவிடும். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயரைத்தான் எழுத வேண்டும். துணி கிழக்கே பறந்தால் அது மேல்காற்று.

வேகத்துக்குக் கருவி இல்லாவிட்டாலும் தொடங்கலாம். 1805இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் வகுத்த அளவுமுறையைத் தரைக்கு ஏற்றபடி பின்னால் மாற்றி வைத்திருக்கிறார்கள். இலையும் சின்ன மிலாறும் ஓயாமல் ஆடினால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். புழுதியும் காகிதமும் கிளம்பி, சிறு கிளைகள் அசைந்தால் 20 முதல் 28. இலை நிறைந்த சிறு மரங்கள் முழுதாகச் சாய்ந்தாடினால் 29 முதல் 38. பெரிய கிளைகளே ஆடி, குடை பிடிப்பது கஷ்டமானால் 39 முதல் 49. காய்ந்த பொடிமண் நகரத் தொடங்குவதும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் என்பதால், புழுதி கிளம்பும் அந்தப் படிதான் நமக்கு முக்கியம். எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது அடங்கியது என்று குறித்துவிடுங்கள்.

கையில் பிடிக்கும் காற்றுமானி இருந்தால் நல்லது. ஒன்றை நினைவில் வையுங்கள்: செல்போனில் காட்டும் வேகம் 10 மீட்டர் உயரத்துக்கானது. தலை உயரத்தில் நீங்கள் அளப்பது திறந்த வெளியில் அதில் முக்கால் பங்குதான் வரும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று கருவியைக் குறை சொல்ல வேண்டாம். காலை 8.30க்கு ஒரு முறை, மதியம் 2.30க்கு ஒரு முறை பாருங்கள். மதியக் கணக்கைத் தவற விடாதீர்கள், வேகம் அப்போதுதான்.

புழுதிப் பாட்டில்

இந்த வேலையின் உயிர் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

100 மில்லி மருந்துப் பாட்டில், இறுக மூடுகிற மூடியோடு, இடத்துக்கு நான்கு வேண்டும். மூடியில் இரண்டு ஓட்டை போட்டு, 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய்த்துண்டு ஒன்றை ஒவ்வொன்றிலும் செருகுங்கள். வெளியே ஒன்று மேற்கே பார்த்து வளைய வேண்டும், மற்றது கிழக்கே. காற்று ஒரு குழாயில் நுழையும், பாட்டிலுக்குள் வந்ததும் வேகம் குறைந்து மண்ணைக் கீழே போட்டுவிட்டு, மற்ற குழாய் வழியே வெளியேறும். குழாய் மூடியைச் சந்திக்கிற இடத்தைப் பசையால் நன்றாக அடையுங்கள்.

இந்தப் பாட்டில்களை ஒரு கம்பத்தில் 5, 15, 40, 100 சென்டிமீட்டர் உயரங்களில் கட்டுங்கள். கம்பம் நிலையாக இருந்தால் காற்று திசை மாறும்போது பாட்டில் வாய் திரும்பாது. அதனால் ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து, அதன்மேல் பி.வி.சி. குழாயைச் செருகி, குழாயில் பாட்டில்களையும் உச்சியில் ஒரு தகரத் துடுப்பையும் பொருத்துங்கள். துடுப்பு காற்றுக்குப் பின்னால் போகும், நுழைவுக் குழாய்கள் தானாகக் காற்றைப் பார்த்துத் திரும்பும். கம்பியின் முனையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். துடுப்பை மாற்றிப் பொருத்திவிட்டால் வாய் பின்பக்கம் திரும்பி நின்றுவிடும், ஆடியில் ஒரு முழு வாரம் எனக்கு அப்படிப் போனது. பொருத்தியவுடன் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

வாரம் ஒரு முறை பாட்டில்களைக் கழற்றி, உயரமும் தேதியும் எழுதிய தாள் பைகளில் மண்ணைக் கொட்டி, ஒரு நாள் வெயிலில் காய வைத்து எடை போடுங்கள். 0.01 கிராம் காட்டும் சிறிய நகைத் தராசு போதும். அடியில் இருந்த பாட்டிலையும் ஒரு மீட்டர் உயரத்துப் பாட்டிலையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிப் பாருங்கள். அடிப் பாட்டிலில் சிவந்த மணல், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். மேல் பாட்டிலில் கொஞ்சூண்டுதான் இருக்கும், முகப்பவுடர் மாதிரி, விரலில் தொட்டால் ரேகைக்குள் புகுந்துகொள்ளும், ஊதினால் காணாமல் போகும். பக்கத்துக் கொல்லைப் பெரியவர் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'ஏம்பா, எருவு போட்ட மண்ணுதானே இது' என்றார். அதற்குமேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கணக்கு எளிது. 8 மில்லிமீட்டர் குழாயின் வாய் அரை சதுர சென்டிமீட்டர். கிடைத்த எடையை இரண்டால் பெருக்கினால், அந்த உயரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் வழியே போன மண். மேற்கு ஓரத்தில் வாரத்துக்கு 0.4 கிராம், கிழக்கு ஓரத்தில் 2.1 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் நிலம் சேர்த்தது 1.7 கிராம். மிக நுண்ணிய புழுதியில் ஒரு பங்கு வெளிக் குழாய் வழியே தப்பிவிடும். ஆகவே இந்த எண்ணை வைத்து ஏக்கருக்கு இத்தனை டன் என்று அறிவிக்காதீர்கள். இந்த வாரத்தை அந்த வாரத்தோடு, உழுத நிலத்தை உழாத நிலத்தோடு ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து தண்ணீர் புகுந்த வாரத்தை 'நனைந்தது' என்று குறித்து ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுங்கள்.

தரையில் அடிக்கும் கம்பிகள்

ஒன்றரை அடி இரும்புக் கம்பிகளை ஒரு அடி ஆழத்துக்கு அடித்து, மேலே தெரியும் நீளத்தை மாதம் ஒரு முறை அளப்பது பழைய முறை. நீளம் கூடினால் மண் போயிருக்கிறது. ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மண் என்பது சுமார் 6 டன், அவ்வளவு பெரிய கணக்கு அது. ஆனால் ஸ்கேலில் நம் கண் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறும், உழுத மண் தானாகவே அமுங்கும், டிராக்டர் கம்பியை மடக்கிவிடும். அதனால் மாந்தோப்பில் வரிசைகளுக்கு நடுவிலோ, தரிசிலோ பத்துப் பன்னிரண்டு கம்பிகள் அடித்து வருடக்கணக்கில் பார்க்கிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். உழவு நிலத்துக்கு வேண்டாம். கம்பி முனையில் சிவப்புத் துணி கட்டாமல் விடாதீர்கள், காலில் குத்திவிடும்.

தரையின் நிலைமை

காற்றை மட்டும் எழுதி நிலத்தை எழுதாமல் விடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒரே காற்றில் ஒரு கொல்லை புகைகிறது, பக்கத்துக் கொல்லை சும்மா கிடக்கிறது, ஏன்? அதற்கு விடை தரையில்தான் இருக்கும்.

மூடாக்கை அளக்க 10 மீட்டர் கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக 100 முடிச்சுப் போடுங்கள். நிலத்தின் குறுக்கே சாய்வாக இழுத்துப் பிடித்து, எத்தனை முடிச்சுக்குக் கீழே தட்டை, சருகு, செடி, கல் இருக்கிறது என்று எண்ணுங்கள். 23 முடிச்சு என்றால் மூடாக்கு 23 சதவீதம். மூன்று இடத்தில் செய்து சராசரி எடுங்கள். 30 சதவீதம் மூடியிருந்தாலே மண் இழப்பு பாதிக்கும் மேல் குறையும். சரளைக் கல்லையும் சேர்த்து எண்ணச் சொன்னேன், காரணம் உண்டு. நம் செம்மண் கொல்லையில் கல்லைப் பொறுக்கி வரப்பில் போடுவது வழக்கம், அந்தக் கல்லும் மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் கட்டி. மேல் இரண்டு அங்குல மண் ஒரு கிலோ எடுத்து, நிழலில் காயவைத்து, 1 மில்லிமீட்டருக்கு நெருக்கமான கண் உள்ள சல்லடையில் மெதுவாகச் சலியுங்கள். அழுத்தித் தேய்க்கக் கூடாது. சல்லடைமேல் நிற்பதைக் காற்றால் தூக்க முடியாது, கீழே விழுவதுதான் அதன் இரை. நாட்டுக் கலப்பையில் ஈரம் பார்த்து உழுத நிலத்தையும், காய்ந்த பிறகு மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டரை டிராக்டரில் மாட்டி இரண்டு சால் ஓட்டிய நிலத்தையும் இப்படிச் சலித்துப் பாருங்கள். உழவு செலவுக்கு ஆகும் பணத்தைவிட முக்கியமான ஒரு தகவல் அந்தச் சல்லடையில் கிடைக்கும். மழை பெய்து பொருக்குக் கட்டியிருக்கிறதா, ஆடு மாடு நடந்து பொருக்கு உடைந்திருக்கிறதா என்பதையும் ஒரு சொல்லில் எழுதிவிடுங்கள்.

நோட்டு

நூறு பக்க நோட்டு, பென்சில். பேனா மழையில் கரையும். ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்:

ஜூலை 28, ஆடி 12. மழை 0. கடைசி மழைக்குப் பின் 9 நாள். காலை மேல்காற்று, இலை ஆட்டம். மதியம் தென்மேல்காற்று, சிறு மரம் சாய்ந்தது. புழுதி 12.40 முதல் 4.10 வரை. தெற்குக் கொல்லை ரொட்டவேட்டர் ஓட்டி 3 நாள். ஆடு 30 கடந்தது.

'கடைசி மழைக்குப் பின் எத்தனை நாள்' என்பதை மறக்காமல் எழுதுங்கள். இரண்டு மில்லிமீட்டர் தூறல்கூட அன்றைக்கு மண்ணைக் கட்டிவைக்கும், ஆடி வெயிலும் காற்றும் சேர்ந்தால் மறுநாளே மேல்தோல் காய்ந்துவிடும். மாதம் முதல் தேதி ஒரே கல்லின்மேல் நின்று, ஒரே திசையைப் பார்த்து செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் வரிகளுக்குத் துணையாக இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க வெளிக் கணக்கும் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒன்றிய அளவில் தானியங்கி வானிலை நிலையங்கள் வைத்திருக்கிறது. வானிலைத் துறையின் மேகதூத் செயலி தமிழிலேயே கிடைக்கிறது. நோட்டை எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்தால் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கோ போய்ப் பேசுங்கள். கையில் எழுத்தோடு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

எட்டாத இடத்தில் வைக்கிறவர்களுக்கு

அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களில் தினமும் போய்ப் பார்ப்பது நடக்காது. அங்கே சூரியத் தகடும் பதிவுப் பெட்டியும் உள்ள தானியங்கிக் கருவிதான் வழி. சிக்னல் வரும் என்று நம்பாதீர்கள், நினைவு அட்டையில் பதிவாகும் கருவியாக வாங்குங்கள். 0.2 மில்லிமீட்டருக்கு ஒரு முறை சாயும் வாளி வகை மழைமானியில் எறும்பும் சருகும் அடைத்துக்கொள்ளும், மாதம் ஒரு முறையாவது ஆள் போய்த் துடைக்க வேண்டும். போகும்போதெல்லாம் கருவியின் கடிகாரத்தை உங்கள் கடிகாரத்தோடு சரிபாருங்கள். மாடு உடம்பு தேய்க்கும், அதனால் சுற்றி முள்வேலி. யானைக்கு எந்த வேலியும் நிற்காது. யானைத் தடத்திலிருந்து தள்ளி வைப்பது ஒன்றே வழி, அதை அந்த ஊர்க்காரர்களிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். வனத்துறை நிலத்தில் அனுமதி இல்லாமல் ஒரு குச்சிகூட நடக்கூடாது. கேழ்வரகு பால் பிடிக்கும் காலத்தில் யானை கொல்லைக்கு வரும், அதனால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் போங்கள், காலை 8.30 கணக்கு தவறினால் தவறட்டும்.

சித்திரை வைகாசி இடிமழையில் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது. தாமினி செயலி அருகில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். புழுதி நேரத்தில் மூக்கிலும் வாயிலும் ஈரத்துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

எப்போது தொடங்குவது

சித்திரையில் மழைமானியை வையுங்கள், வைகாசி முடிவதற்குள் பாட்டில் கம்பங்கள் நிற்க வேண்டும். முதல் வருடம் எதையும் மாற்றாமல் அளந்து மட்டும் பாருங்கள். இரண்டாம் வருடம் நிலத்தில் பாதியில் ஏதாவது ஒன்றை மாற்றுங்கள்: அறுத்த தட்டையை அரை அடி விட்டுவைப்பது, மழை ஈரத்தில் மட்டும் உழுவது, மேற்கு ஓரத்தில் கிளுவை வேலி. உயிர்வேலி தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்கு நன்றாகக் காற்றை அடக்கும். 3 மீட்டர் வேலி என்றால் 30 மீட்டர். சுவர் மாதிரி அடைத்துவிடாதீர்கள், கொஞ்சம் காற்று ஊடே போக வேண்டும், இல்லாவிட்டால் வேலி தாண்டியதும் சுழன்றடிக்கும். உழும்போது சால் காற்றுக்குக் குறுக்கே, வடக்குத் தெற்காக ஓட்டுவதும் உதவும். ஆனால் சரிவு நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுவதுதான் முதல் கடமை, ஏனென்றால் தண்ணீர்தான் பெரிய எதிரி.

புரட்டாசியில் மழை பிடித்ததும் பாட்டில்களைக் கழற்றிக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், குழாய் வாயில் பஞ்சு அடைத்து. அடைக்காமல் விட்டால் வேட்டைக் குளவி உள்ளே மண்கூடு கட்டிவிடும். அடுத்த ஆனியில் அவசரமாக எடுத்து மாட்டி, வாரக் கடைசியில் எடை போடும்போது குளவி கொண்டுவந்த மண்ணையும் காற்று கொண்டுவந்த மண்ணையும் பிரிக்க வழியே இருக்காது.